தலையணைக்கு அடியில் மூன்று சப்பாத்தி: வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் குழந்தையைக் கண்டிப்பது எப்படி?

இப்படி ஒரு சூழலைக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வந்து இரண்டு வாரம் ஆகிறது. அதுவரை குழந்தைகள் இல்லத்தில் இருந்தவள். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு, வளர்ப்புப் பராமரிப்புக்காக உங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறாள். காலையில் படுக்கையை உதறும்போது, தலையணைக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய மூன்று சப்பாத்தி. எறும்பு மொய்த்துக் கிடக்கிறது.

"ஏம்மா இதை இங்க வெச்ச?" என்று கேட்டால், "நான் வைக்கல" என்கிறாள். வீட்டில் வேறு குழந்தை கிடையாது. பொய் என்று இருவருக்கும் தெரியும்.

இப்போ என்ன செய்வீங்க? திட்டுவீங்களா? முதுகில் ஒரு அடி வைப்பீங்களா? "இப்படியே பண்ணினா திரும்ப ஹோம்லயே கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று மிரட்டுவீங்களா?

மூன்றுமே நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பவைதான். ஆனால் இந்தக் குழந்தை விஷயத்தில் அடி உங்களைச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தலாம். அந்த மிரட்டல் சட்டத்தின் கண்ணில் படாமலே போகலாம். ஆனால், மூன்றில் அதிகம் காயப்படுத்துவது அதுதான். ஏன் என்று விளக்கமாகப் பார்ப்போம்.

வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்ன?

தத்தெடுப்பும் இதுவும் ஒன்று இல்லை. தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி நிரந்தரமாக உங்கள் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில், சொந்தக் குடும்பத்தோடு இருக்க முடியாத குழந்தை, தற்காலிகமாக இன்னொரு குடும்பத்தில் வளர்கிறது. அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கலாம். சிறையில், மருத்துவமனையில், அல்லது குழந்தையை வைத்துப் பார்க்க முடியாத நிலையில் இருக்கலாம். நிலைமை சரியானால் குழந்தை அவர்களிடமே திரும்பிப் போகவும் கூடும்.

இதற்கான அடிப்படை 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் 44-வது பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறது. எந்தக் குழந்தையை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று முடிவு செய்வது மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழு. கள வேலைகளைப் பார்ப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பொதுவாக ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளே இந்தத் திட்டத்தில் வருகிறார்கள். மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.

2024-ல் மத்திய அரசு இதற்கான வழிகாட்டுதல்களைத் திருத்தியது. முன்பு திருமணமான தம்பதிகள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். இப்போது 35 முதல் 60 வயது வரையிலான தனி நபர்களும் விண்ணப்பிக்கலாம். திருமணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்து ஆனவர் எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு. ஆண் தனியாக விண்ணப்பித்தால் ஆண் குழந்தை மட்டுமே. வளர்க்கும் குழந்தையைத் தத்தெடுக்க முன்பு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இப்போது இரண்டு ஆண்டுகள்.

அதாவது, இதுவரை இப்படி யோசித்தே பார்க்காத பலருக்குக் கதவு திறந்திருக்கிறது. வேலைக்குப் போகிற, தனியாக வாழ்கிற, நாற்பது வயதுக்காரர்களும் இதில் வரலாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே நிறைய பார்த்துவிட்ட ஒரு குழந்தை அவர்கள் வீட்டுக்குள் வரும்போது, "சொன்னா கேட்க மாட்டேங்குதே, என்ன பண்றது?" என்ற கேள்வி வந்தே தீரும்.

அடிக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

இளைஞர் நீதிச் சட்டம் 'உடல்ரீதியான தண்டனை' என்பதற்குத் தெளிவான விளக்கம் வைத்திருக்கிறது. தவறுக்குப் பதிலடியாகவோ, ஒழுங்குபடுத்தவோ, திருத்தவோ ஒரு குழந்தைக்கு யாராவது வேண்டுமென்றே உடல் வலி உண்டாக்கினால் அது உடல்ரீதியான தண்டனை. "நல்லதுக்குத்தானே அடிச்சேன்" என்ற நோக்கமும் இந்த விளக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஆனால் இங்கே ஒரு இடைவெளி இருக்கிறது. இந்தத் தண்டனையைக் குற்றமாக்கும் 82-வது பிரிவு, குழந்தைகள் பராமரிப்பு நிறுவனங்களின் பொறுப்பாளர்களையும் ஊழியர்களையும் மட்டுமே நேரடியாகக் குறிப்பிடுகிறது. முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேலையும் போகும். ஒரு சாதாரணக் குடும்பம் 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் வராது.

அப்போ வளர்ப்புக் குடும்பத்துக்கு விதிவிலக்கா? இல்லை. அவர்களுக்கு 75-வது பிரிவு பொருந்தும். குழந்தையைத் தன் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருக்கும் ஒருவர் அதைத் தாக்கினாலோ, கொடுமைப்படுத்தினாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ, அதனால் தேவையற்ற உடல் வேதனையோ மன வேதனையோ உண்டாகும் என்றால், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மன வேதனையும் இதில் சேர்த்திதான் என்பதைக் கவனிக்க வேண்டும். இது தவிர, 44-வது பிரிவின்படி குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் வளர்ப்புக் குடும்பங்களை ஆய்வு செய்ய வேண்டும். பராமரிப்பில் குறை இருந்தால் குழந்தையை அங்கிருந்து எடுத்து வேறு குடும்பத்தில் வைக்கலாம்.

பள்ளிகளில் நிலைமை இன்னும் தெளிவு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பள்ளிகளில் உடல் தண்டனையை ஒழிப்பதற்கான வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொல்லி, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. ஆக, பள்ளியில் அடி கூடாது, இல்லத்தில் அடி கூடாது என்று எழுத்தில் தெளிவாக இருக்கிறது. வளர்ப்பு வீட்டுக்கு மட்டும் அதே அளவு நேரடியான ஒரு வரி சட்டத்தில் இல்லை.

இங்கிலாந்தை இதோடு ஒப்பிடலாம். அங்கே பெற்றோர் குழந்தையை லேசாக அடித்தால், 'நியாயமான தண்டனை' என்று வாதாட சட்டத்தில் இடம் இருந்த காலத்திலேயே, வளர்ப்புப் பராமரிப்பாளர்கள் எந்த விதமான உடல் தண்டனையும் தரக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். அந்தக் குழந்தையை அந்த வீட்டில் வைத்தது அரசு. எனவே அங்கே விழும் ஒவ்வொரு அடிக்கும் அரசுக்கும் பொறுப்பு உண்டு. நம் ஊருக்கும் இது பொருந்தும்.

'அடியாத மாடு படியாது' என்பது உண்மையா?

நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த பழமொழிதான். "நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?" என்ற கேள்வியும் உடனே வரும்.

2016-ல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ கிரோகன்-கேலர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 75 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பெரிய கொடுமைகளை விட்டுவிட்டு, கையால் தட்டும் சாதாரண அடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடிக்கும் குழந்தைகளின் நடத்தைக்கும் இடையே தெரிந்த தொடர்பு நேர்மாறாக இருந்தது. அதிகம் அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலப் பிரச்சினைகளும் கூடுதலாக இருந்தன; நீண்ட காலத்தில் நல்ல நடத்தை கூடவில்லை. முரட்டுக் குழந்தை என்பதால்தான் அதிகம் அடி வாங்குகிறதா, அடி வாங்கித்தான் முரடாகிறதா என்ற விவாதம் நியாயமானதே. ஆனால் அடியால் பலன் இருக்கிறது என்பதற்கு அந்தத் தொகுப்பில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அடி உடனே வேலை செய்வதுபோல் தெரிவது உண்மை. குழந்தை அந்த நிமிடம் நிறுத்திவிடும். பயத்தில் நிறுத்தும். அடுத்த முறை சப்பாத்தியைத் தலையணைக்கு அடியில் வைக்காது. பீரோவுக்குப் பின்னால் வைக்கும்.

இது பொதுவாக எல்லாக் குழந்தைகளுக்கும். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைக்கு இன்னொரு விஷயம் சேர்கிறது. சொந்த அப்பா அடித்தால், "இவர் கோபம் தணிஞ்சதும் சாப்பிடக் கூப்பிடுவார்" என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். வீடு எங்கேயும் போகாது. வளர்ப்புக் குழந்தைக்கு அந்த நிச்சயம் கிடையாது. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்துவிட்டது. ஓங்கிய கையைப் பார்த்ததும் அதற்குத் தோன்றுவது, "இந்த வீடும் முடிஞ்சுது." "ஹோம்லயே விட்டுடுவேன்" என்ற வார்த்தை அதே பயத்தை நேரடியாகத் தொடுகிறது.

ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்?

சப்பாத்தியை ஒளித்துவைப்பது திருட்டு மாதிரி தெரியலாம். பட்டினியைப் பார்த்த குழந்தைக்கு அது நாளைக்கான சேமிப்பு. அடுத்த வேளை சோறு வரும் என்று இன்னும் உடம்பு நம்பவில்லை. பொய்யும் அப்படித்தான். உண்மை சொன்னால் அடி என்று கற்றுக்கொண்ட குழந்தை, கேள்வி வந்ததும் யோசிக்காமலே "நான் இல்ல" என்று சொல்லும்.

தொடர்ந்து பயத்தில் வாழ்ந்த குழந்தையின் உடம்பு எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும். குக்கர் விசில், கதவு வேகமாகச் சாத்தும் சத்தம், பெரியவர்களின் உயர்ந்த குரல், ஏதாவது ஒன்று போதும். அந்த நேரத்தில் கத்தும், பொருளை எறியும், ஓடும், அல்லது கல் மாதிரி உறைந்து நிற்கும். "எத்தனை தடவை கூப்பிடுறேன், திமிரா நிக்குது பாரு" என்று நமக்குத் தோன்றும். பல நேரம் அது உறைந்துபோனதே தவிர, திமிர் கிடையாது.

இன்னொன்றும் நடக்கும். முதல் சில வாரங்கள் குழந்தை ரொம்ப ஒழுங்காக இருக்கும். "தங்கமான பிள்ளை" என்று எல்லாரும் சொல்வார்கள். பிறகு திடீரென்று அடம், கோபம், எதிர்த்துப் பேச்சு. "பழகினதும் குணம் தெரிஞ்சுபோச்சு" என்று பலர் முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் குழந்தை கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருக்கலாம். "நான் மோசமா நடந்தாலும் என்னை வெச்சுக்குவீங்களா?" என்று சோதித்துப் பார்க்கிறது. அதே நேரத்தில் குடும்பம் கைவிட்டுவிட்டால், குழந்தைக்குக் கிடைக்கும் பதில் "மாட்டோம்" என்பதே. அடுத்த வீட்டில் நம்புவது அதற்கு இன்னும் கடினமாகிவிடும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-களின் தொடக்கத்தில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு ஆரம்பமானது. இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும், பெரியவர்களோடு பாசம் வைப்பதிலும் முன்னேறினார்கள். மிகச் சிறு வயதிலேயே போனவர்களுக்குப் பலன் அதிகம். அந்தக் குடும்பங்கள் தனியாக விடப்படவில்லை என்பது முக்கியம். சமூகப் பணியாளர்கள் தொடர்ந்து அவர்களுக்குத் துணையாக இருந்தார்கள்.

சரி, அப்போ என்னதான் செய்றது?

அடிக்கக் கூடாது என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று அர்த்தம் கிடையாது. இந்தக் குழந்தைகளுக்கு விதிகள் கட்டாயம் தேவை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் பயம் குறையும்.

விதிகள் குறைவாக இருக்கட்டும். நான்கைந்து போதும். யாரையும் அடிக்கக் கூடாது, சொல்லாமல் வெளியே போகக் கூடாது, போன் இத்தனை மணி வரை என்பதுபோல. எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். விதி வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தால், "என்னை மட்டும்" என்ற எண்ணம் வராது.

விளைவு, தவறோடு தொடர்புடையதாக இருக்கட்டும். தண்ணீரைக் கொட்டினால் துடைக்க வேண்டும். நேரம் தாண்டி போன் பார்த்தால் நாளைக்கு அந்த அளவு நேரம் குறையும். தம்பியின் பொம்மையை உடைத்தால் ஒட்டிக் கொடுக்க உதவ வேண்டும். முன்கூட்டியே சொன்னதாக, சின்னதாக, அன்றோடு முடிவதாக இருக்க வேண்டும். "ஒரு மாசத்துக்கு விளையாடப் போகக் கூடாது" என்றால் மூன்றாம் நாளே நாமே தளர்த்திவிடுவோம்.

கோபத்தின் உச்சத்தில் பாடம் நடத்தாதீங்க. கத்திக்கொண்டிருக்கும் குழந்தையின் காதில் அறிவுரை ஏறாது. குரலைத் தாழ்த்துங்கள். உடையக்கூடிய பொருட்களை நகர்த்துங்கள். "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அறைக்குள் வைத்துப் பூட்டுவது, இருட்டில் நிறுத்துவது கூடவே கூடாது. தணிந்த பிறகு நடந்ததைப் பற்றிப் பேசலாம்.

பொய்யைப் பிடிக்கக் கேள்வி கேட்காதீங்க. பதில் தெரிந்திருக்கும்போது "நீதானே எடுத்தே?" என்று கேட்பது இன்னொரு பொய்க்கு அழைப்பு விடுவதுபோல். "சப்பாத்தி இங்க இருந்துச்சு, எறும்பு வந்துடுச்சு. சேர்ந்து சுத்தம் பண்ணலாம் வா" என்று நேராக விஷயத்துக்கு வரலாம்.

நல்லதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "குட் கேர்ள்" என்பதைவிட, "கோபம் வந்தும் கதவைச் சாத்தாம வெளிய போய் நின்னியே, அது நல்லா இருந்துச்சு" என்பது குழந்தைக்குப் புரியும்.

பெரியவர்கள் ஒரே மாதிரி நடக்கணும். அம்மா வேண்டாம் என்றதைப் பாட்டி ஒளித்துக் கொடுத்தாலோ, தாத்தா மட்டும் "ரெண்டு போட்டாத்தான் சரிப்படும்" என்றாலோ வேலைக்கு ஆகாது. சொந்தப் பிள்ளைக்கும் இதே விதி. வளர்ப்புக் குழந்தையின் கண் முன்னே உங்கள் மகனை அடித்தால், இந்த வீட்டிலும் அடி விழும் என்று அது புரிந்துகொள்ளும்.

எதைத் தண்டனையாக்கவே கூடாது?

சாப்பாடு, தூக்கம், பள்ளி, மருந்து ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. "இன்னிக்கு உனக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது" என்பது பசியைப் பார்த்த குழந்தைக்குச் சாதாரண வார்த்தை இல்லை.

சொந்தக் குடும்பத்தைப் பார்ப்பதும் அப்படித்தான். அம்மாவையோ, வேறு இல்லத்தில் இருக்கும் தம்பியையோ பார்க்க அனுமதி இருந்தால், அதைப் பரிசாகவோ தண்டனையாகவோ மாற்றக் கூடாது. "உங்க அம்மா மாதிரியே இருக்கே" என்று குத்திக்காட்டுவதும் வேண்டாம்.

படுக்கையில் சிறுநீர் கழிப்பதைத் தவறாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. விரிப்பை மாற்றிவிட்டு, தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடைசியாக, போன். அடம்பிடிப்பதை வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுவது, ஸ்டேட்டஸ் வைப்பது நிறைய வீடுகளில் விளையாட்டாக நடக்கிறது. அவமானப்படுத்தும் தண்டனை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, படம் போன்ற அடையாளங்களை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

முழுப் பொறுப்பும் குடும்பத்துக்கு மட்டுமா?

இல்லை. "அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. குழந்தை என்ன அனுபவித்தது, எதற்குப் பயப்படும் என்ற விவரம், அதை வளர்க்கப் போகிறவருக்குத் தேவையான அளவு முன்பே தெரிய வேண்டும். குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கையும் தனிநபர் பராமரிப்புத் திட்டமும் இதற்காகத்தான் தயாரிக்கப்படுகின்றன. அவை கோப்பில் மட்டும் கிடந்தால் பயன் இல்லை.

மாதாந்திர ஆய்வில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குறை தெரிந்தால் குழந்தையை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, பிரச்சினையை மறைக்கத் தோன்றும். மறைத்து மறைத்து, ஒரு நாள் முடியாமல் போய், "எங்களால முடியல, கூட்டிட்டுப் போயிடுங்க" என்பதில் முடியும். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது "ஏதாவது தப்பு நடக்குதா?" என்பதோடு, "எது கஷ்டமா இருக்கு?" என்பதையும்தான். உதவி கேட்கும் குடும்பத்தைத் தோல்வியடைந்த குடும்பமாகப் பார்க்கக் கூடாது. ஆலோசகர், குழந்தை மனநல மருத்துவர், சில நாள் மாற்று ஏற்பாடு, இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களோடு பேசும் வாய்ப்பு ஆகிய எல்லாம், வீட்டை மாற்றுவதற்கு முன்னால் வர வேண்டியவை. அதோடு, வளர்ப்புக் குடும்பத்தில் உடல் தண்டனை கூடாது என்ற ஒரு நேரடி வரியைச் சட்டத்தில் சேர்த்தால் யாருக்கும் குழப்பம் இருக்காது.

பொறுமை எல்லை தாண்டும் நாள் எல்லாருக்கும் வரும். அன்றைக்குக் குழந்தையை நம்பகமான இன்னொரு பெரியவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் பக்கத்து அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்காருவதில் தப்பே இல்லை. உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற 'டெலி மானஸ்' எண் இருக்கிறது. எந்தக் குழந்தையாவது துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் 1098-க்குச் சொல்லலாம்.

அந்த மூன்று சப்பாத்திக்கு வருவோம். படுக்கையைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு மூடி போட்ட டப்பாவில் பிஸ்கட்டும் கடலை மிட்டாயும் போட்டு, "இது உன்னோடது. எப்ப பசிச்சாலும் எடுத்துக்கலாம், கேட்க வேண்டாம். தீர்ந்தா சொல்லு, திரும்ப வைக்கிறேன்" என்று அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கலாம். முதல் வாரம் டப்பா தினமும் காலியாகும். காலியாக ஆக, ஒன்றும் சொல்லாமல் நிரப்பிக்கொண்டே இருங்கள்.